வாசல் குழாய் அருவி அல்ல

மே மாதக் கடைசியில் சென்னைத் தலைமையகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியின் பிறந்த குழந்தைகள் சிகிச்சைப் பிரிவில் கிருமித் தொற்று அதிகமாக இருக்கிறதாம். மூன்று மாதத்துக்குள் குறைத்துக் காட்ட வேண்டுமாம். காட்டாவிட்டால் செப்டம்பர் முதல் தேதியிலிருந்து பிரிவை மூடிவிடுவார்களாம், எடை குறைந்த குழந்தைகளைத் திருநெல்வேலிக்கு அனுப்பிக்கொள்ள வேண்டுமாம். கடைசி வரியில் 'அன்புடன்' என்று வேறு போட்டிருந்தார்கள்.

அந்தப் பிரிவின் பொறுப்பு நர்ஸ் நான். பெயர் ஜெபமலர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிறது எங்கள் அறக்கட்டளை ஆஸ்பத்திரி. ஆறு ஊர்களில் இவர்களுக்கு ஆஸ்பத்திரி உண்டு. என் பிரிவில் பன்னிரண்டு தொட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே சூடு காட்டும் விளக்கு. இது திறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் திருநெல்வேலிக்குப் போகும் ஆம்புலன்ஸில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனவளும் நான்தான். ஒரு நாள் பாவூர்சத்திரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் திறந்தபோது என் மடியில் இருந்த பெண் குழந்தைக்கு மூச்சு இல்லை. அதனால் 'மூடிவிடுவோம்' என்பதை அன்புடன் எழுதினவன் யார் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'தரப் பிரிவு' என்று மட்டும் இருந்தது.

மின்னஞ்சலுக்குப் பின்னாலேயே ரவி வந்தார். முப்பது வயது இருக்கும். தலைமையகத்துத் தர அலுவலர். தர மேம்பாட்டுத் திட்டங்கள் எதனால் வெற்றி பெறுகின்றன, எதனால் தோற்கின்றன என்பதைப் படித்துப் பட்டம் வாங்கியவராம். தலைமை ஆதரவு தர வேண்டும், வேலை செய்கிறவர்கள் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும், சரியானதை அளக்க வேண்டும், சிறிதாகச் செய்து பார்த்துவிட்டுப் பெரிதாக்க வேண்டும் என்றெல்லாம் திரையில் காட்டினார். அவர் சொன்னதில் தப்பே கிடையாது, இப்போது எனக்கு அது தெரிகிறது. ஆனால் அவர் நூற்றிப் பதினான்கு பக்கம் காட்டினார், அதில் அறுபதாவது பக்கத்திலேயே எங்கள் கண்காணிப்பாளர் டாக்டர் எபனேசர் சார் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

பிறகு குழு போட்டார்கள். கைகழுவும் குழு. அதைக் கண்காணிக்க ஒரு குழு. பிரச்சினையை மீன் முள் மாதிரி வரைய வேண்டும், தலை பிரச்சினை, முள்ளெல்லாம் காரணம் என்று ரவி சொன்னார். எங்கள் லேப்காரர் செதிலெல்லாம் போட்டு அருமையாக ஒரு மீன் வரைந்தார். அது நெய்மீனா அயிலையா என்று முக்கால் மணி நேரம் தகராறு. கடைசியில் அயிலை என்று முடிவாகி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டோம். காரணங்களை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்தோம்.

குழந்தையைத் தொடுமுன் நூறு பேரில் எத்தனை பேர் கை கழுவுகிறார்கள் என்று ரவி எண்ணச் சொன்னார். முப்பத்தொன்று. சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டி மறுபடி எண்ணினோம். இருபத்தொன்பது. எல்லாருக்கும் இரண்டு நாள் பயிற்சி கொடுத்து எண்ணினோம். இருபத்தாறு. பயிற்சிக்குப் பாதிப் பேர் போய்விட்டதால் மீதிப் பேருக்குக் கழுவ நேரம் இல்லை.

ஜூன் இரண்டாம் வாரம்தான் இசக்கியப்பன் அண்ணாச்சி வந்து சேர்ந்தார். பழைய காவலாளி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதால் காண்ட்ராக்ட்காரர் அனுப்பிய ஆள். ஐம்பத்தேழு வயது. பத்தொன்பது சீசன் குற்றாலம் மெயினருவியில் ஊர்க்காவல் படையில் நின்றவர். காக்கி நிறக் கால்சட்டை, கழுத்தில் விசில். குளிக்கிற கூட்டத்தை உள்ளே விட்டு, போதும் என்று வெளியே எடுத்து, அடுத்த கூட்டத்தை விடுவதுதான் அவர் தொழில். அதைத் தவிர வேறு வேலை அவருக்குத் தெரியாது, தெரிந்ததாக அவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவரை எங்கள் பிரிவு வாசலில் நிறுத்தினார்கள். வாசலில் கை கழுவ இரண்டு குழாய். அவர் அந்தக் குழாய்களைப் பார்த்தார், வருகிற போகிற ஆட்களைப் பார்த்தார். மறுநாள் காலையில் நான் வரும்போது குறுக்கே கயிறு கட்டியிருந்தது. ஆண்கள் இடது குழாய், பெண்கள் வலது குழாய்.

"ஏலே, குறுக்க பூராதீங்க! வரிசையில வாங்க! வயசானவங்க முன்னால போங்க!" பீப் என்று விசில். "போதும் போதும், அடுத்தவிய வரணும்லா! நவுருங்க!"

விசிலுக்கு யார் அடங்குவார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் அடங்கினார்கள். இந்த ஊர்ப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அந்த விசில் உடம்பிலேயே ஊறிப்போனது. மலையில் மழை கொட்டி அருவியில் வெள்ளம் வரும்போது அந்த விசில் கேட்டதும் வெளியே வராதவன் உயிரோடு வீடு திரும்ப மாட்டான் என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்ப்போம். தலைமையகம் சொன்னாலே கேட்காத எபனேசர் சார், விசில் கேட்டதும் நடந்துகொண்டிருந்த கால் அந்தரத்தில் நிற்க, திரும்பி வந்து வரிசையில் கடைசியாக நின்றார். நானும்தான் நின்றேன்.

பத்தே நாளில் தொண்ணூற்றெட்டு சதவீதம்.

ரவி அந்த வரைபடத்தைப் பார்த்துக் கண்கலங்கினார். செங்குத்தாக ஏறியிருந்தது கோடு. தலைமையகத்திலிருந்து கேக் வந்தது. இசக்கியப்பன் அண்ணாச்சிக்குக் 'கை சுகாதார வேந்தர்' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அருவியில் வருஷத்துக்கு ஒரு துண்டு கொடுப்பார்கள், இங்கே அது கிடையாதா என்று கேட்டார்.

எல்லாம் சரி. தொற்று மட்டும் குறையவில்லை.

ஜூனில் ஆறு குழந்தைகளுக்கு வந்தது. ஜூலையில் ஏழு. நான் குழுவில் கேட்டேன், கை கழுவுகிறவர்கள் மூன்று மடங்கு ஆகியும் தொற்று ஏன் ஏறுகிறது என்று. பலன் தெரிய நாளாகும் மேடம் என்றார் ரவி. சாரல் ஈரத்தில் கிருமி வளர்கிறது என்றார் ஒருவர். புளியறை வழியாகக் கேரளத்திலிருந்து வருகிறது, லாரியில் ஒட்டிக்கொண்டு வரும் என்றார் மயக்க மருந்து டாக்டர். அதைப் பதிவேட்டில் எழுதினார்கள். தொண்ணூற்றெட்டைச் சந்தேகப்பட ஒருவருக்கும் மனசு வரவில்லை. கேக் வேறு சாப்பிட்டிருந்தோம்.

எனக்கு இன்னொரு எரிச்சலும் இருந்தது. குழாயடியில் சோப்பே இருப்பதில்லை. ஸ்டோருக்கு வாரா வாரம் சீட்டு எழுதினேன். வருஷத்துக்கு உள்ளதெல்லாம் உங்கள் வார்டுக்கே போய்விட்டது என்று ஸ்டோர்காரர் சொன்னார். வரவில்லை என்றேன் நான். அனுப்பினேன் என்றார் அவர். ஒரு நாள் கோபத்தில், சோப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெண்டாட்டி பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறீர்களா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அந்த மனிதர் அதன்பிறகு என்னோடு பேசவில்லை. நான் சோப்பு வரும்போது வரட்டும் என்று தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஜூலை மாதம் ஜுஹைனாவின் பிள்ளை எங்களிடம் இருந்தான். செங்கோட்டைப் பெண். புருஷன் ஹுஸைஃபா சவூதியில், தம்மாமில் வேலை. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பையன், ஆயிரத்து இருநூற்றெண்பது கிராம். பத்து நாள் நன்றாகவே இருந்தான். தினமும் சாயங்காலம் ஹுஸைஃபா வீடியோவில் வந்து, "மூக்கு எங்க வாப்பா மாதிரியா இருக்கு சிஸ்டர்?" என்று கேட்பான். உள்ளங்கையளவு முகத்தில் மூக்கு எது என்றே தெரியாது. உங்கள் வாப்பா மூக்கேதான் என்று சொல்லிவைப்பேன்.

பதினோராம் நாள் பையன் பால் குடிக்கவில்லை. உடம்பு சில்லிட்டது. தோல் சாம்பல் பூத்தது. ரத்தத்தை எடுத்து அனுப்பிவிட்டு மருந்து ஏற்ற ஆரம்பித்தோம். ஜுஹைனா அழவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டாள்.

"நான் என்ன தப்பு செஞ்சேன் சிஸ்டர்?"

"நீ ஒரு தப்பும் செய்யலம்மா."

"கைய நல்லாத்தான் கழுவுனேன். குழாயடியில சோப்பு இல்லன்னு வீட்டுலேருந்து புதுசா ஒண்ணு கொண்டாந்தேன். அதையும் அவுங்க வாங்கி வச்சிட்டாங்க."

"யாரு வாங்கி வச்சா?"

"விசில்காரரு."

நான் வெளியே போனேன். மாடிப்படிக்குக் கீழே அண்ணாச்சி தன் சாப்பாட்டுப் பாத்திரம் வைக்கும் இடத்தில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம் இருந்தது. மூடியைத் திறந்தேன். வாசனை தூக்கியடித்தது. உள்ளே இருநூற்றுக்கு மேல் சோப்பு. ஸ்டோர் சோப்பு ஒரு பக்கம், ஆட்கள் கொண்டுவந்தது ஒரு பக்கம். கைகழுவும் திரவ பாட்டில்கள் வரிசையாக. சீயக்காய்ப் பாக்கெட்டுகள்கூட இருந்தன. அவர் என் பின்னால் பெருமையோடு வந்து நின்றார்.

"ஒண்ணுகூட வீட்டுக்குக் கொண்டுபோவல சிஸ்டர். சீசன் முடியவும் அவங்கவங்ககிட்ட திருப்பிக் குடுத்துருவேன்."

"எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம் பிடுங்கி வச்சிருக்கிய?"

"என்ன இப்படிக் கேக்கிய? சோப்பு, சீயக்கா, எண்ணெ எதுவும் கூடாதுன்னு தடை இருக்குல்லா. அருவிக்கரையில போர்டே வச்சிருக்காவளே."

"அது அருவி! இது ஆஸ்பத்திரி!"

"தெரியும் சிஸ்டர்." அவர் குரலைத் தாழ்த்தி, புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "அருவித் தண்ணியிலயே சோப்பு கலக்கக் கூடாதுங்காவ. இது பச்சப்புள்ளைய இருக்க இடம். இங்கன இன்னும் சுத்தமா இருக்கணுமா வேண்டாமா?"

 வெறி பிடித்தவள் மாதிரி உள்ளே போய் ஒவ்வொருவராகக் கேட்டேன். சோப்பைப் பிடுங்கியபோது ஏன் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை? எபனேசர் சார் தலையைக் குனிந்துகொண்டார். "கேட்கத்தான் வாயத் திறந்தேன் சிஸ்டர். விசில் அடிச்சிட்டாரு." மயக்க மருந்து டாக்டர், இது புது விதிமுறை என்று நினைத்தாராம். ரவியைக் கேட்டேன். 'கை தண்ணீரில் நனைந்ததா' என்றுதான் படிவத்தில் இருக்கிறது மேடம், சோப்புக்குக் கட்டம் கிடையாது என்றார். என் நர்ஸ்களில் ஒருத்தி கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

"நீங்களே சோப்பு இல்லாமத்தான கழுவுதிய சிஸ்டர். நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சோம்."

உண்மைதான். ஒரு நாளைக்கு இருபது முறை அந்தக் குழாயில் கை நீட்டினவள் நான். ஜுஹைனாவின் பிள்ளையை அதிகம் தூக்கினவளும் நான். இருபத்தாறு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள், சோப்பு இல்லை என்றால் உள்ளே போக மாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்டோர்காரரோடு சண்டை போட்டதோடு கடமை முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். துணி மாற்றும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதுவிட்டு முகம் கழுவினேன், சோப்புப் போட்டு.

இனி சோப்பு போடலாம் என்று அண்ணாச்சியிடம் வாயால் சொன்னால் எடுபடவில்லை. தடை எழுத்தில் இருக்கிறது, நீக்குவதும் எழுத்தில் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அவசரக் கூட்டம் கூட்டினோம். எபனேசர் சார் ஒருவழியாக முழித்துக்கொண்டவர் மாதிரி, நானே எழுதுகிறேன் என்று பேனாவை எடுத்தார். 'பிறந்த குழந்தைகள் பிரிவின் வாசலில் உள்ள குழாய் அருவி அல்ல. அங்கு சோப்பு பயன்படுத்துவது கட்டாயம்.' ரவி, சட்டச் சிக்கல் வராமல் 'எந்த ஒரு அருவியும் அல்ல' என்று திருத்தலாம் என்றார். அப்படியே திருத்தி, முத்திரை குத்திக் கொடுத்தோம். அண்ணாச்சி இரண்டு தரம் படித்தார்.

"ஐந்தருவிக்கும் சேத்துத்தான சொல்லுதிய?"

"எல்லா அருவிக்கும் சேத்துத்தான்."

"பழைய குத்தாலம்?"

"அதுவும்தான் அண்ணாச்சி!"

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் முகம் வாடியிருந்தது. பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். மோசமாக இருக்கிறது என்றேன்.  அன்று மதியமே டிரம்மைத் தூக்கிவந்து குழாயடியில் வைத்தார்.

அதன்பிறகு நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. "முழங்கை வரைக்கும் நுரை வரட்டும்! டாக்டரய்யா, அந்தக் கட்டவெரல விட்டுட்டியளே, மறுக்கா!" விரலிடுக்கில் நுரை இல்லாதவர் தாண்ட முடியாது. வரிசை லிஃப்ட் வரைக்கும் நீண்டது, அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்துச் சிலர் நழுவி உள்ளே போனார்கள். ரவி இப்போது சோப்புக்கு ஒரு கட்டம் சேர்த்து எண்ணினார். தொண்ணூற்றெட்டு அறுபத்துநாலாக விழுந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. பழைய மாதிரி தண்ணீரை மட்டும் கணக்கில் காட்டலாமே மேடம் என்று கெஞ்சினார். காட்டினால் உங்களையும் வரிசையில் நிற்க வைப்பேன் என்றேன்.

எபனேசர் சார் முதல்முறையாக அண்ணாச்சியைக் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். கூட்டம் எங்கே தேங்குகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். அந்த மனிதரிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டது கிடையாது. அவர் எழுந்து நின்றே பதில் சொன்னார். குழாய் இரண்டும் வாசலுக்கு வலப்பக்கம் இருக்கிறது, ஆட்கள் இடப்பக்கமாக வருகிறார்கள், இடப்பக்கம் ஒரு குழாய் போட்டால் பாதிக் கூட்டம் கரைந்துவிடும் என்றார். கழுவின கையைப் பெண்கள் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள், நான் ஒன்றரை மாதமாகப் பார்க்கிறேன் என்றார். நாங்கள் யாருமே அதைப் பார்த்திருக்கவில்லை. மறுநாள் புதுக் குழாய் போட்டார்கள், காகிதத் துண்டும் வந்தது. குழந்தையைத் தொடுமுன் கழுவித் துடைப்பதை ஒரு தொட்டிலோடு ஆரம்பித்து, சரியாக வருகிறதா என்று பார்த்து, பன்னிரண்டுக்கும் செய்தோம். ஜுஹைனா மற்றத் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் ஸ்டோருக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மற்ற வார்டுகளுக்கு வைத்திருந்ததில் இரண்டு பெட்டி சோப்பைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

ஆகஸ்ட் மாதம் முழுக்க ஒரு குழந்தைக்குக்கூடத் தொற்று வரவில்லை. நான் தினமும் எண்ணிப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. ஜுஹைனாவின் பிள்ளை பதினான்கு நாள் மருந்தில் கிடந்து மீண்டான். மாதக் கடைசியில் ஆயிரத்து எண்ணூற்றைம்பது கிராம். இப்போது அவனுக்கு மூக்கு இருந்தது.

ஆகஸ்ட் முப்பத்தொன்று. சாயங்காலம் ஐந்து மணிக்குள் மூன்றாம் மாதக் கணக்கைக் கணினியில் ஏற்ற வேண்டும். நான்கு மணிக்கு ரவியும் நானும் உட்கார்ந்தோம். எபனேசர் சார் பின்னால் நின்றார். தொற்றுக்கு ஆளான குழந்தைகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் ரவி பூஜ்யம் அடித்தார். கட்டம் சிவந்தது. 'இக்கட்டத்தை நிரப்பவும்.'

மறுபடி அடித்தார். மறுபடி சிவந்தது. எழுத்தில் 'இல்லை' என்று அடித்தார். அதற்கும் சிவந்தது. சென்னைக்குப் போன் போட்டோம். கணினிப் பிரிவில் ஒரு பையன் எடுத்தான்.

"ஜீரோ எடுக்காது சார். ஜீரோன்னா நீங்க ஃபில் பண்ணலைன்னுதான் அர்த்தம்."

"இங்க நெஜமாவே யாருக்கும் வரலப்பா," என்றார் எபனேசர் சார்.

"அப்படி எங்கேயும் ஆனதே இல்ல சார். அதனால சாஃப்ட்வேர்ல வைக்கல. மாத்தணும்னா அடுத்த வருஷ பட்ஜெட்ல கேளுங்க."

"ஃபில் பண்ணலன்னா என்ன ஆவும்?"

"அஞ்சு மணிக்குத் தகவல் தராத பிரிவுன்னு லிஸ்ட்ல போயிரும். குளோசர் ஆர்டர் தானா ஜெனரேட் ஆயிரும் சார். அதுல நாங்க கை வைக்க முடியாது."

தலைமை அதிகாரிக்குப் போட்டோம். அவர் விமானத்தில் இருந்தார். அவருக்குக் கீழே இருந்தவர், கணினி சொல்வதை மீற தனக்கு அதிகாரம் இல்லை என்றார். மணி நாலே கால்.

ரவிதான் அந்த யோசனையைச் சொன்னார், பாவம், நல்ல மனசோடுதான். "ஒண்ணு போட்டுருவோம் மேடம். ஆறு, ஏழு, ஒண்ணு. கோடுகூட அழகா இறங்கும்." ஒன்று அடித்தார். கட்டம் பச்சையாகி, புதுப் பக்கம் திறந்தது. 'தொற்றுக்கு ஆளான குழந்தையின் பெயர். தாயின் பெயர். எடை. தொற்றுக்குக் காரணம்.'

நான் எழுந்து வார்டுக்குள் போனேன். பதினொரு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு மாதமாக ராப்பகலாகக் காப்பாற்றி வைத்த பிள்ளைகள். யார் பேரைப் போடுவது? பொய்தானே, போட்டால் என்ன என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு தொட்டிலாக நின்று பார்த்தேன். எந்தப் பேரையும் வாய்க்குள்கூடச் சொல்ல முடியவில்லை.

ஜுஹைனா மறுநாள் வீட்டுக்குப் போவதற்காகப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். பிள்ளையை எடுத்து நெஞ்சில் சாத்திக்கொண்டாள்.

"எம் புள்ள பேரப் போடுங்க சிஸ்டர்."

"வேண்டாம்மா."

"அவனுக்குத்தான் ஏற்கனவே வந்து போயிருச்சுல்லா. அவன் ஒரு தடவ தாங்குனவன். மத்தவங்க புள்ளைய பேரு எதுக்கு? நாளைக்கு வரப்போற புள்ளைய எல்லாம் எங்க போவும்? போடுங்க."

கணினி முன்னால் வந்து உட்கார்ந்தேன். நாலு நாற்பது. அவள் சொன்ன பெயரின் முதல் எழுத்தில் விரலை வைத்தேன், அழுத்த முடியவில்லை. அந்தக் கிருமி என் கையிலிருந்து அவனுக்குப் போயிருக்கலாம். இப்போது அதே கையால் அவன் பேரையும் எழுதவா? எபனேசர் சார் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நான் அடித்தேன். குழந்தையின் பெயர்: ஜெபமலர். தாயின் பெயர்: ஞானதீபம். எடை: அறுபத்தெட்டு கிலோ. தொற்றுக்குக் காரணம்: ஒன்றரை மாதம் சோப்பு இல்லாமல் கை கழுவினாள், கேள்வி கேட்கவில்லை.

"மேடம், அறுபத்தெட்டு கிலோ எடுக்காது," என்றார் ரவி பதறிப்போய்.

எடுத்துக்கொண்டது. பச்சை டிக் விழுந்தது. 'நன்றி. உங்கள் பிரிவு தொடர்ந்து இயங்கும்.' எபனேசர் சார் என் தலையில் கை வைத்துவிட்டு வெளியே போனார். வாசலில் விசில் சத்தமும் "நுரை பத்தலய்யா!" என்ற சத்தமும் கேட்டது.

நாலு நாள் கழித்து, மத்தியானம், சிவகிரியிலிருந்து ஆம்புலன்ஸில் ஒரு குழந்தை வருவதாகச் சொன்னார்கள். ஆயிரத்து நூறு கிராம். நான் குழாயடியில் முழங்கை வரை நுரையோடு நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. இசக்கியப்பன் அண்ணாச்சி எடுத்து என் காதில் பிடித்தார். தலைமையகத்தில் நோயாளிகளை விசாரிக்கும் பிரிவிலிருந்து ஒரு பெண். சின்னக் குரல்.

"உங்க வார்டுல தொற்று வந்த ஜெபமலர்ங்கிற குழந்தையப் பத்திக் கேக்கணும் மேடம். குழந்தை பிழைச்சிருச்சா?"

 தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பொழைச்சிருச்சும்மா."

"தாய்ப்பால் குடிக்குதா?"

"இல்ல. டீ குடிக்குது."

அவள் எதையோ தட்டினாள். "கடைசிக் கேள்வி மேடம். குழந்தை நல்லா அழுவுதா?"

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். விசிலை எடுத்தவர் ஊதாமல் வைத்துவிட்டார்.

"அழுவுதும்மா," என்றேன். "நல்லா அழுவுது."

கையைக் கழுவி முடித்தேன். சிவகிரிக் குழந்தையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள்.